டர்பன் ஈரக்காற்றில் ஏர் பிஸ்டல்: எண்ணெயைக் குறையுங்கள், டிரை ஃபயரைக் கூட்டுங்கள்

டர்பனில் இரும்பு சும்மா இருக்காது. கேட், சன்னல் கம்பி, காரின் அடிப்பக்கம் என்று எல்லாவற்றையும் கடல் காற்று அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் இரும்பைக் கண்டாலே எங்கள் கை எண்ணெய் டப்பாவைத் தேடும். பத்து மீட்டர் தூரத்துக் குறியைக் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல் வாங்கியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், எண்ணெயின் அருமை தெரியாதவன் இல்லை. ஆனால் சாட்ஸ்வர்த்தில் என்னிடம் பழக வரும் தங்கை மகள் "மாமா, எத்தனை சொட்டு விடணும்?" என்று கேட்டபோது, "சொட்டே வேண்டாம்மா" என்றுதான் சொன்னேன். இந்தப் பிஸ்டலின் பராமரிப்பில் பாதி, அதைக் கிளறாமல் விடுவது. மிச்சப்படும் நேரத்தை டிரை ஃபயருக்கு, அதாவது குண்டு போடாமல் டிரிகரை அழுத்திப் பழகும் பயிற்சிக்குக் கொடுக்கலாம்.

எண்ணெய்க்கு ஒரே இடம் வெளிப்புற உலோகம். சுட்டு முடித்ததும் கை வியர்வை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, துப்பாக்கி எண்ணெய் லேசாகத் தடவிய இன்னொரு துணியால் ஒரு முறை தடவினால் போதும். எண்ணெய் பேரலுக்குள்ளும் காற்று போகும் துளைக்குள்ளும் இறங்கக்கூடாது. குண்டின் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும், சில ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அழுத்திய காற்றைச் சிலிண்டரில் நிரப்பிச் சுடும் சிலிண்டர் வகைப் பிஸ்டலில் இது ஆபத்தும்கூட. உயர் அழுத்தக் காற்றோடு கனிம எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றலாம். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்துக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால், கையேடு சொல்லும் சிலிக்கான் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் ஒட்டும் அளவு.

பேரலை அடிக்கடி தேய்ப்பதும் வீண் வேலை. இந்தப் பிஸ்டல்கள் 4.5 மி.மீ. ஈயக் குண்டை மெதுவான வேகத்தில்தான் தள்ளுகின்றன, வெடிமருந்துக் கரி கிடையாது. 500 குண்டு டப்பா ஒன்றிரண்டு தீர்ந்தபின் ஒரு முறை துடைத்தால் சரி. கெட்டியான தூண்டில் நைலான் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு முடிச்சுப் போட்டு, சின்னப் பருத்தித் துணியை மாட்டி, குண்டு போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். இரும்புக் கம்பியை வாய்வழியாக விடாதீர்கள். பேரல் வாயின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் குண்டு கோணலாகப் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் வாய்க்குப் போகக்கூடாது. சமையல் மேசையில் இந்த வேலையே வேண்டாம்.

ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ் போன்ற சிலிண்டர் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது காற்றின் ஈரம். பொதுவாக 200 பார் அழுத்தம் வரை நிரப்புவோம். டிசம்பர் மாத டர்பனில் கைப்பம்பால் அடித்தால் காற்றோடு தண்ணீரையும் சேர்த்தே அடிக்கிறோம். கொஞ்சம் அடித்து, பம்பை ஆறவிட்டு, அழுத்தத்தைத் திறந்துவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். உம்கோமாஸ் பக்கம் அலிவால் ஷோலில் முக்குளிக்கப் போகிறவர்களுக்குக் காற்று நிரப்பித் தரும் கடைகள் உண்டு. முக்குளிக்கும் சிலிண்டரில் வரும் காற்று உலர்ந்தது, நான் அதையே விரும்புவேன். மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறியபின் அழுத்தம் இறங்கிவிடும். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பக்கூடாது, வெடித்துவிடும். சிலிண்டரை முழுக்கக் காலியாக்காமல் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். அதன்மேல் பொறித்திருக்கும் காலக்கெடுவைப் பாருங்கள், அது தாண்டிய சிலிண்டரைப் போட்டியிலும் ஏற்க மாட்டார்கள்.

கிரிப் (கைப்பிடி), சைட் (குறிபார்க்கும் பகுதி) திருகுகளை அவ்வப்போது சரியான அளவு ஆலன் சாவியால் தொட்டுப் பாருங்கள். முறுக்கித் தள்ள வேண்டாம்.

டிரிகர் எடை போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம். சோதனைக்கு எடைக்கல் வாங்க வேண்டியதில்லை. கம்பிக் கொக்கி கட்டிய ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாட்டில், கொக்கி, தண்ணீர் மூன்றும் சேர்ந்து 500 கிராம் வருமாறு சமையலறைத் தராசில் வையுங்கள். குண்டில்லாத பிஸ்டலைச் சுடும் நிலைக்கு ஏற்றி, பேரல் மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்து, கொக்கியை டிரிகரின் நடுவில் மாட்டி மெதுவாகத் தூக்க வேண்டும். டிரிகர் விடுபடக்கூடாது. நான் 510, 520 வரை ஏற்றியே வைக்கச் சொல்வேன். சரியாக 500-இல் நிறுத்திவிட்டு, போட்டி நாளன்று சோதனை மேசையில் வியர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் டிரை ஃபயர். குண்டு டப்பாவை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். பேரலைத் திறந்து காலியா என்று கண்ணால் பாருங்கள். நீங்கள் பார்த்து நிற்கும் சுவருக்குப் பின்னால் யாரும் புழங்கக்கூடாது. இது ஒவ்வொரு முறையும்.

எல்லாப் பிஸ்டலிலும் ஒரே மாதிரி சும்மா டிரிகரை அழுத்திவிட முடியாது. ஸ்பிரிங் வகையைக் குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டன் தடுப்பின்றிப் போய் மோதி உடையும், அதில் டிரை ஃபயரே கூடாது. பைக்கால் இஷ் 46எம் மாதிரி ஒரே அடியில் காற்றேற்றும் பிஸ்டலில், பம்பு லீவரைத் தொடாமல் பின்மூடியை மட்டும் திறந்து மூடினாலே டிரிகர் ஏறிவிடும். மின் டிரிகர் உள்ள மொரினியில் சுவிட்சைப் போட்டுவிட்டு அழுத்த வேண்டியதுதான். மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 32 செ.மீ. என்று வையுங்கள். முன் சைட் 1 மி.மீ. விலகினால் பத்து மீட்டரில் குண்டு 31 மி.மீ. தள்ளிப்போகும். குறி அட்டையில் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ.தான், ஆக ஏறக்குறைய நான்கு வளையம் போச்சு. நடுவிலுள்ள பத்தாம் வளையமே 11.5 மி.மீ. விட்டம்தான். கை ஆடுவதால் போகும் புள்ளியை விட, விரல் இழுக்கும்போது சைட் கோணுவதால் போகும் புள்ளி அதிகம். அதனால்தான் முதல் வேலை வெள்ளைச் சுவர். குறி எதுவும் வேண்டாம். முன் சைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, விரலை நேர்ப்பின்னால் இழுங்கள். கிளிக் கேட்கும் கணத்தில் முன் சைட் அசையக்கூடாது. கிளிக்குக்கு அப்புறமும் ஓரிரு வினாடி அப்படியே நில்லுங்கள். அசைந்தது எந்தப் பக்கம் என்று அப்போதுதான் தெரியும்.

அது படிந்தபின் சுவரில் ஒரு கறுப்பு வட்டம் ஒட்டலாம். உண்மையான குறியின் கறுப்பு 59.5 மி.மீ. விட்டம், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். உங்கள் கூடத்தில் 5 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் வட்டம் ஏறத்தாழ 30 மி.மீ., 3 மீட்டருக்கு 18. உயரமும் மாறும். கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பவர் 5 மீட்டரில் வட்டத்தை 1.5 மீட்டரில் ஒட்ட வேண்டும். இதைப் பலரும் விட்டுவிட்டு, வீட்டில் பழகிய தோள் வேறு, ரேஞ்சில் நிற்கும் தோள் வேறு என்று குழம்புகிறார்கள்.

ஒரு கையால் தூக்கி, கறுப்புக்கு மேலேயிருந்து இறக்கி அதன் கீழே நிறுத்துங்கள். இன்னொரு கை பாக்கெட்டில். பத்து வினாடிக்குள் கிளிக் வரவில்லையா, இறக்கிவிட்டு மூச்சுவிட்டு மறுபடி தூக்குங்கள். அந்த இறக்கிவிடும் மனசு வருவதற்குத்தான் பிள்ளைகளோடு நான் அதிகம் மல்லுக்கட்டுகிறேன். இருபது முப்பது நிமிடம் போதும், தோள் நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். லோட் ஷெடிங்கில் கரண்ட் போனாலும் ஒரு வேலை உண்டு. கண்ணை மூடிக் கையைத் தூக்கி நின்று, அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தள்ளி நின்றால் கையைத் திருப்பாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள்.

முடிந்ததும் பிஸ்டலை ஈரத்தோடு பெட்டிக்குள் திணிக்க வேண்டாம். பெட்டியின் ஸ்பாஞ்ச் ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும், உள்ளே சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஒரே அடி பம்பு வகையைக் காற்றேற்றிய நிலையில் வைக்கக்கூடாது.

போட்டிக்கு ஜோகன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு ஒன்று. அந்த ஊர் சுமார் 1,700 மீட்டர் உயரம், காற்று டர்பனை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. ஒரே அடி பம்பு வகை சுற்றியுள்ள காற்றைத்தான் இழுத்து அழுத்துகிறது என்பதால் அங்கே குண்டின் வேகம் குறைந்து சில மி.மீ. கீழே விழும். சோதனைச் சுற்றிலேயே பின் சைட்டின் திருகை எத்தனை கிளிக் ஏற்றினீர்கள் என்று குறித்துக்கொண்டு, டர்பனுக்குத் திரும்பியதும் அத்தனை கிளிக்கை இறக்கிவிடுங்கள்.