பூஜ்யத்தில் நிற்கும் முள்ளை நம்பாதீர்கள்: ஹைட்ராலிக் டெஸ்ட் கிட் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவ ஒர்க்‌ஷாப்பில் டோசர், பாலம் போடும் வண்டி என்று பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் பொக்லைன் ரிப்பேர் பார்க்கிறேன். வண்டி எதுவானாலும் கிட் ஒன்றுதான்: எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ், அதை வண்டியோடு இணைக்கும் டெஸ்ட் ஹோஸ், எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர். தொழில் பழக வரும் பையன்கள், அந்த நாளில் ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்த எங்கள் செட் சொதப்பிய அதே இடங்களில்தான் சொதப்புகிறார்கள். மூடியைத் தொலைப்பது, ஓ-ரிங் மாற்ற மறப்பதெல்லாம் ஒரு தடவை திட்டினால் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

"பூஜ்யத்தில்தானே நிற்குது?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். பல கேஜ்களில் பூஜ்யத்தில் ஒரு சின்ன ஸ்டாப் பின் இருக்கும். முள் அதற்குக் கீழே இறங்க முடியாது. கேஜ் கீழே விழுந்து முள் அச்சில் பின்னால் நழுவியிருந்தாலும் அந்தப் பின் அதைத் தடுத்துப் பூஜ்யத்திலேயே நிறுத்தி வைக்கும். 35 பார் (அழுத்தத்தின் அலகு) குறைத்துக் காட்டும் கேஜும் பெட்டிக்குள் யோக்கியமாகத்தான் தெரியும். ஓவர் பிரஷர் வாங்கிய கேஜ் எவ்வளவோ மேல். உள்ளே முள்ளை நகர்த்தும் வளைந்த போர்டன் குழாய் விரிந்துபோய், முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் அள்ளிக்கொண்டிருந்த பொக்லைன் மந்தமாக இருப்பதாக ஆபரேட்டர் சொன்னார். பையன் கிட்டை மாட்டினான். மெயின் ரிலீஃப், அதாவது அழுத்தம் அளவு மீறாமல் திறந்துவிடும் வால்வு, 350 பாரில் இருக்க வேண்டிய வண்டி. கேஜ் காட்டியது 315. வால்வை முறுக்கி 350க்குக் கொண்டுவந்தான். உண்மையில் அது 385. சாயங்காலமே பழைய பூம் ஹோஸ் வெடித்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை, ஏற்கெனவே தேய்ந்திருந்த பம்பும் அந்த வாரமே போனது. விசாரித்தால், கேஜ் பெட்டியில்லாமல் ஜீப்பின் பின்பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டே வந்திருக்கிறது. வண்டி மந்தமானதற்குக் காரணம் வால்வுகளை இயக்கும் குறைந்த அழுத்த பைலட் லைனின் ஃபில்டர் அடைப்பு! சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

சர்வத்ரா போன்ற, லாரியிலிருந்து விரியும் ராணுவப் பால அமைப்பை யோசித்துப் பாருங்கள். லாரிக்கு 15 மீட்டராக ஐந்து லாரிகள் 75 மீட்டர் பாலம் விரிக்கின்றன. அங்கே தூக்கும் சிலிண்டருக்குத் தப்பான பிரஷர் வைத்தால் கீழே நிற்பவன் கதி என்ன?

ரிலீஃப் வால்வில் ஸ்பானர் வைக்கும் முன் இன்னொரு கேஜை அதே டெஸ்ட் பாயின்ட்டில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, இரண்டையும் ஒதுக்குங்கள். வருடத்துக்கு ஒரு கலிப்ரேஷன் என்பது கீழே விழாத கேஜுக்கு. விழுந்ததைக் கையோடு கோவைக்கு அனுப்பி, எடைகளை வைத்துத் துல்லியமான அழுத்தம் கொடுக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் ஏறும்போதும் இறங்கும்போதும் அளவெடுக்கச் சொல்லுங்கள். முள்ளைப் பிடுங்கிப் பூஜ்யத்தில் திரும்பக் குத்தும் கெட்டிக்காரர்களைக் கிட் பக்கமே விடாதீர்கள்.

60 பார் கேஜை மெயின் லைனில் மாட்டுவது

60 பார் கேஜ் பைலட் லைனுக்கானது, மெயின் லைனைத் தாங்காது. அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். முடிந்தது.

குளிர்ந்த எண்ணெயில் அளவெடுப்பது

ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஃப்ளோ பார்ப்பதில் அர்த்தமில்லை. 68 நம்பர் எண்ணெய்க்கு அந்த நம்பரே 40 டிகிரியில் உள்ள பாகுநிலைதான். 10 டிகிரியில் அது ஐந்து மடங்கைத் தாண்டிவிடும். எண்ணெய் 50 டிகிரி வரட்டும், அப்புறம் மீட்டரைப் பாருங்கள்.

மலையை மறப்பது

சமவெளி அளவை வைத்துக்கொண்டு, பம்ப் எண்ணெயை உறிஞ்சும் பக்கத்து சக்ஷன் வாக்குவம் பார்க்கிறார்கள். பம்புக்கு உள்வழியில் 0.8 பார் முழு அழுத்தம் (காற்றழுத்தத்தையும் சேர்த்து) தேவை என்று வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் 0.15 பார் வாக்குவம் காட்டினாலும் தப்பித்துவிடும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தமே 0.78 பார்தான். அங்கே கேஜ் கொஞ்சம் வாக்குவம் காட்டினாலும் பம்ப் ஏற்கெனவே பட்டினி.

ஈரத்தோடு கிட்டைப் பூட்டுவது

பனிமூட்டத்தில் நனைந்த ஹோஸ்களை அப்படியே மூடி வைத்தால் கப்ளிங் துருப்பிடிக்கும், அந்தத் துரு அடுத்த வண்டியின் வால்வுக்குள் போகும். துடைத்து, மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பர்ஸ்ட் டிஸ்க்குக்குப் பதில் தகரம்

பர்ஸ்ட் டிஸ்க் என்பது அழுத்தம் மீறினால் தான் கிழிந்து மீட்டரைக் காப்பாற்றும் தகடு. அந்த இடத்தில் தகரத்தை வெட்டிப் போடாதீர்கள். அடுத்து வெடிப்பது மீட்டர்.

கசிவைக் கையால் தடவித் தேடுவது

அட்டைப்பெட்டித் துண்டால் தேடுங்கள். ஊசித்துளைக் கசிவு எண்ணெயைத் தோலுக்குள் ஏற்றிவிடும். வலிக்கவில்லை என்று உட்காராமல், அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.