ஷிங் முன் காட்டுமலைக்குப் போகிறீர்களா? டார்ச் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்

ஹாங்காங்கில் சுன் வான் பகுதியிலிருந்து 82ஆம் எண் மினிபஸ் ஏறினால் ஷிங் முன் நீர்த்தேக்கத்தில் இறங்கலாம். அங்கிருந்து மெக்லஹோஸ் என்ற நெடும் நடைபாதையின் 6ஆம் பகுதியில் மேலேறுங்கள். மரங்களுக்கிடையே கான்கிரீட் சுரங்க வாசல்கள் தென்படும். 1930களில் பிரிட்டிஷார் கட்டிய தற்காப்பு வரிசையின் முக்கியக் கோட்டை இது. 1941 டிசம்பர் 9 இரவில் ஜப்பானியப் படை இதைத் தாக்கிச் சில மணி நேரத்தில் பிடித்துவிட்டது.

வாசல்களில் செதுக்கியிருக்கும் பெயர்களை நின்று படியுங்கள்: ரீஜென்ட் ஸ்ட்ரீட், சேரிங் கிராஸ், ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ. எல்லாம் லண்டன் இடப்பெயர்கள். இருட்டுக்குள் வழி தவறாமலிருக்க வைத்த பெயர்கள் அவை. படிக்கும்போது மனம் கனக்கிறது.

உள்ளே நுழைய ஆசையிருந்தால் கைபேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள். நல்ல டார்ச் ஒன்று, மாற்றாக இன்னொன்று வேண்டும். கூரை தாழ்வு, தரை மேடுபள்ளம். மழை பெய்த மறுநாள் சேறு நிற்கும். அன்று வெளியிலிருந்து பார்ப்பதே நல்லது. தனியாக நுழையவே கூடாது.

குரங்குகள் ஏராளம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் பறித்துவிடும். தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள். அவற்றுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். டிசம்பர், ஜனவரியில் நடப்பது சுகம்.