உணவு விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல உணவுப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் மூலம் பழக்கலாம் என்பதில் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் பெற்றோருக்கும் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அந்த விளையாட்டு எங்கே போய் முடிகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மரக்கறிப் படத்துக்கு நிறந்தீட்டி, பாட்டுப் பாடி, கைதட்டி முடித்த பிள்ளை இடைவேளையில் கிறீம் பிஸ்கட் பொதியைப் பிரிக்குமானால், அந்த ஒரு மணித்தியாலத்தில் அது கற்றது நிறந்தீட்டுதலை மட்டுமே.

நாக்குவரை போகாத இத்தகைய விளையாட்டே முதலாவதும் பெரியதுமான தவறு. அமெரிக்க உளவியலாளர் லியன் பேர்ச்சும் அவருடைய குழுவினரும் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளுக்குப் புதிய உணவுகளில் சிலவற்றைப் பார்க்க மட்டும் கொடுத்தார்கள். வேறு சிலவற்றைச் சுவைக்கவும் கொடுத்தார்கள். பார்த்துப் பழகிய உணவு பார்வைக்குப் பிடித்துப்போனது. ஆனால் சுவையில் விருப்பம் வளர்வதற்குச் சுவைத்துப் பார்த்தல் தேவைப்பட்டது. ஒரு புதிய சுவையைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதற்கு 8 முதல் 15 தடவைகள் வரை அதைச் சிறிது சிறிதாகச் சுவைக்க வேண்டியிருக்கலாம் என்று குழந்தைப் போசாக்குத் துறையினர் சொல்கிறார்கள். நாமோ இரண்டு மூன்று தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி விடுகிறோம். பிள்ளையும் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வல்லாரைச் சம்பலை எடுத்துக்கொள்வோம். கழுவிய ஒரு பிடி வல்லாரையை ஐந்தாறு பிள்ளைகளுக்கு நடுவில் வைத்தால், தண்டைக் கிள்ளி இலையைத் தனியே எடுப்பதற்கு நான்கு வயதுக் கைகளே போதும். இலையைக் கசக்கி மணந்து பார்க்கலாம். ஓரத்தில் உள்ள பற்களை விரலால் தடவலாம். பெரியவர் அரிந்து கொடுத்த இலையோடு தேங்காய்ப்பூவையும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்து, பாதியாக வெட்டிய தேசிக்காயைப் பிழியும்போது, புளி கண்ணில் தெறித்துக் கூச்சலும் சிரிப்புமாக ஒரு நிமிடம் போகும். அதன் பிறகு ஒவ்வொருவரும் நுனிவிரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் துப்புவதற்கு ஒரு கடதாசித் துண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். துப்ப விடுவது பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து வாயில் வைக்கிறது.

அடுத்த தவறு சுவரில் தொங்குகிறது. அப்பிள், ஸ்ட்ரோபெரி, புரொக்கோலி என்று கடையில் வாங்கிய படங்களையும் ரப்பர்ப் பழங்களையும் வைத்துக் கடை விளையாட்டு விளையாடும் பிள்ளை, வீட்டுச் சட்டியில் இருப்பவற்றுக்கும் 'நல்ல சாப்பாடு' என்று சொல்லப்படுவதற்கும் சம்பந்தம் இல்லை என்று எண்ணத் தொடங்கும். திருகோணமலையில் இதற்கு எந்தத் தேவையும் இல்லை. கரைவலை இழுக்கும் நாளில் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்று சாளை எது, சூடை எது, பாரைக்குஞ்சு எது என்று இனம்பிரிக்கச் சொல்லலாம். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலியில் எலும்புக்கு வேண்டிய கல்சியம் இருக்கிறது என்பதை நெத்தலியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், ஏழு வயதுப் பிள்ளைக்கு அது மறக்காது. வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் காற்று வீசும் காலத்தில் காட்டிலிருந்து வரும் பாலைப்பழமும், நாவற்பழமும், விளாம்பழமும் எந்த அச்சுப் படத்திலும் இல்லாதவை. மீன் சம்பந்தப்பட்ட செயற்பாட்டை வெள்ளிக்கிழமையில் வைத்துவிட்டு, சைவம் காக்கும் வீட்டுப் பிள்ளைகளை ஓரமாக உட்கார வைப்பதும் தவிர்க்கக்கூடிய ஒரு தவறுதான். பல மதத்தவரும் சேர்ந்து படிக்கும் இடங்களில் நாளையும் பொருளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

அட்டைகளைக் கொடுத்து, 'நல்ல உணவு', 'கூடாத உணவு' என்று இரண்டு பெட்டிகளில் போடச் சொல்லும் விளையாட்டு பரவலாக இருக்கிறது. இது தீங்கற்றதாகத் தெரிந்தாலும், நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாணும் சம்பலும், அல்லது சோறும் பருப்பும் மட்டுமே கட்டிக் கொடுக்க முடிந்த வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருப்பது கூடாத பெட்டிக்குரியது என்று கண்ட பிள்ளை, மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும். சில பிள்ளைகள் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகும். அதற்குப் பதிலாக, மண்ணுக்குக் கீழே விளைவது, கொடியில் காய்ப்பது, கடலில் பிடிபடுவது என்று பிரிக்கச் சொல்லலாம். நிறத்தின்படி அடுக்கச் சொல்லலாம். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இலங்கையின் உணவு வழிகாட்டியில் உள்ள ஆறு தொகுதிகளைச் சொல்லி, இன்றைய மதியச் சாப்பாட்டில் அவற்றில் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ண வைக்கலாம். தானியமும் கிழங்கும், மரக்கறி, பழம், மீனும் முட்டையும் இறைச்சியும் பருப்பும், பாலும் பாற்பொருளும், கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் என்ற அந்தப் பட்டியலில் தேங்காய்ச் சம்பலுக்கும் பருப்புக்கும் மரியாதையான இடம் உண்டு.

"இன்னும் ஒரு வாய் வாங்கு, பிறகு ஐஸ்கிரீம் தாறன்" என்ற பேரம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒன்றைத் தின்பதற்குக் கூலி தேவைப்படுகிறது என்றால் அது தின்னத் தகாத பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. ஐஸ்கிரீமின் மதிப்போ ஒரு படி ஏறுகிறது. பேர்ச் குழுவினர் 1984 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பரிசுக்காக ஒரு பானத்தைக் குடிக்க வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மீதான விருப்பம் குறைந்து போனது. சுவைத்துப் பார்த்ததற்காகக் கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவது அவ்வளவு தீங்கானதல்ல. பிடிவாதமாக மறுக்கும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் அது உதவவும் கூடும். உணவுக்கு உணவைப் பரிசாக்குவதையும், யார் முதலில் தட்டைக் காலியாக்குவது என்று போட்டி வைப்பதையும் அடியோடு விட்டுவிட வேண்டும். வேகமாக விழுங்கும் போட்டியில் புரை ஏறும் ஆபத்தும் இருக்கிறது.

மரக்கறியை மசித்துக் கட்லட்டுக்குள் ஒளித்துக் கொடுப்பதில் பிழையில்லை, வயிற்றுக்குப் போகட்டும்; ஆனால் பூசணிக்காய் உள்ளே போனது என்று தெரியாத பிள்ளை பூசணிக்காயைப் பழகிக்கொள்ளவில்லை.

செயல்முறை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பெரியவர்களே செய்வது இன்னொரு குறை. உலக உணவு தினமான ஒக்டோபர் 16 ஐ ஒட்டியோ வேறொரு விழாவிலோ வைக்கப்படும் கண்காட்சிகளில், பப்பாசியில் செதுக்கிய முதலையும் கரட்டில் வெட்டிய ரோசாப்பூவும் அணிவகுத்து நிற்கும். அவை தாய்மார் இரவு கண்விழித்துச் செய்தவை என்பதும், பிள்ளை அவற்றைத் தொட்டதற்குப் பேச்சு வாங்கியது என்பதும் அநேகமாக உண்மையாக இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை முருங்கையிலை உருவலாம், பயிற்றங்காய் முறிக்கலாம். ஐந்து வயதில் மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் வெட்டலாம், பிட்டுக்கு மாக் குழைக்கலாம். வறுத்த மா என்பதால் விரலை நக்கினாலும் பெரிதாகப் பயமில்லை. கொதிநீரை மட்டும் பெரியவர் ஊற்றி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். தேங்காய்த் திருவலையும் அடுப்பும் இந்த வயதுக்கு உரியவையல்ல. நிலம் அழுக்காகும் என்று கவலைப்படுபவர்கள் ஒரு பழைய பாயை விரித்துக்கொள்ளலாம்.

2016 இல் இலங்கையில் மென்பானப் போத்தல்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. எண்ணத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டுப் பொருள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி இருக்கும். தட்டையாக அள்ளிய தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் என்றால், பத்துக் கரண்டியை வெறும் கிளாசில் பிள்ளையே அளந்து போடும். இங்கு நேரும் பிழை, பச்சை நிறம் என்றால் போசாக்கு என்று விளங்கப்படுத்துவது. பச்சை, சீனி குறைவு என்பதை மட்டுமே சொல்கிறது. இதை விளக்கிவிட்டு ஆசிரியை மேசையில் சோடாப் போத்தலோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டம் போடுபவர்கள் காலத்தைக் கவனிப்பதில்லை. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மண்ணை உலர்த்தும்போது விதைத்துவிட்டு, முளை கருகியதைப் பிள்ளைக்குக் காட்ட நேர்கிறது. ஒக்டோபர் மழையோடு தொடங்குவது எளிது. தக்காளிக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருக்கும் பொறுமை நான்கு வயதுக்கு இல்லை. மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கக்கூடிய முளைக்கீரையும், ஈரத்துணியில் இரண்டு நாளில் முளைவிடும் பாசிப்பயறும் பொருத்தமானவை. முளைத்த பயறைச் சிறு பிள்ளைகளுக்கு அவித்தே கொடுக்க வேண்டும்.

கண்ணைக் கட்டிச் சுவை கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்தபடிதான் விளையாட வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கச்சானும் (நிலக்கடலையும்) முழுத் திராட்சையும் தொண்டையில் அடைக்கக்கூடும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். கச்சான், றால், நண்டு, முட்டை ஆகியவற்றில் எதுவும் ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு எழுதி வைக்க வேண்டும். வெட்டிய பழத்தையும் தேங்காய்ப்பால் சேர்ந்த உணவையும் நமது வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் இருப்பது பாதுகாப்பானது.

பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் எடையைக் காட்டும் கோடு தட்டையாகப் போனாலோ கீழே இறங்கினாலோ, அதை விளையாட்டால் சரிசெய்யப் பார்த்துக் காலத்தைக் கடத்தக் கூடாது. அட்டையை எடுத்துக்கொண்டு அந்த மாதமே குடும்பநல உத்தியோகத்தரிடம் (ஊர் மருத்துவமாதுவிடம்) காட்ட வேண்டும்.