அக்டோபர்ஃபெஸ்ட் வாரங்களில் மியூனிக் வந்திறங்கும் மாணவர்களுக்கு

மியூனிக்கில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பிக்கும். அதனால் நம்மவர்களில் பலர் செப்டம்பர் கடைசியில் வந்து சேருகிறார்கள். ஊர்க்காரர்கள் ‘வீஸ்ன்’ என்று சொல்லும் அக்டோபர்ஃபெஸ்ட்டும் அதே வாரங்களில்தான். செப்டம்பர் 15-க்குப் பின் வரும் சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு மேயர் முதல் பீப்பாயைத் திறப்பார். அக்டோபர் முதல் ஞாயிறோடு விழா முடியும். அந்த ஞாயிறு 1 அல்லது 2-ஆம் தேதியில் வந்தால் 3-ஆம் தேதி வரை நீளும்.

இதில் முதல் அடி விழுவது தங்குமிடத்தில்தான். ஹோட்டலோ ஹாஸ்டலோ, இந்த வாரங்களில் கட்டணம் இரண்டு மூன்று மடங்காகும். ‘போய் ஒரு வாரம் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீடு தேடலாம்’ என்ற கணக்கு வேறு மாதங்களில் எப்படியோ ஒப்பேறும். இப்போது மாதச் செலவுப் பணத்தையே கரைத்துவிடும். பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால், விழாவுக்குப் பத்து நாள் முன்போ, முடிந்த மறுநாளோ வாருங்கள். தேதியை மாற்றவே முடியாதென்றால் ஆக்ஸ்பர்க்கில் அறை பாருங்கள். அங்கிருந்து மண்டல ரயிலில் முக்கால் மணி நேரத்தில் மியூனிக் வந்துவிடலாம்.

மாணவர் விடுதிக்குக் காத்திருப்புப் பட்டியல் பல பருவங்கள் நீளும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே விடுதிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அதை மறந்து வேறு அறை தேடுங்கள். அக்டோபரில் எளிதாக அமைவது இடைக்கால வாடகை: ஒரு பருவம் வேறு நாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் தங்கள் அறையைக் கட்டில் மேசையோடு ஐந்தாறு மாதத்துக்கு விடுவார்கள். அறையைப் பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் ‘இந்த முகவரியில் ஆன்மெல்டுங் (அரசு அலுவலகத்தில் முகவரிப் பதிவு) செய்யலாமா?’ என்று கேளுங்கள். முடியாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று யார் சொன்னாலும் அது மோசடி. இந்த வாரங்களில் இத்தகைய விளம்பரங்களுக்குப் பலியாகிறவர்கள் அவசரத்தில் இருக்கும் புதியவர்களே. முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதை மூன்று தவணையாகக் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆன்மெல்டுங்: எல்லாமே இதன் பின்னால்தான்

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வரி எண்ணும் வதிவிட அனுமதியும் இதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பதிவுக்குப் பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ என்ற ஒரு பக்கச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். பலர் திரும்பி வருவது இதனால்தான். சாவி வாங்கும்போதே அந்தப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நேரம் முன்பதிவு செய்துதான் போக முடியும். ரூப்பெர்ட்ஷ்ட்ராஸெ 19-இல் உள்ள முகவரிப் பதிவுத் தலைமை அலுவலகத்தையே எல்லோரும் தேடுவார்கள். பாசிங், ஒர்லயான்ஸ்பிளாட்ஸ் கிளைகளிலும் இதே வேலை நடக்கும். நகரின் எந்தப் பகுதியில் குடியிருந்தாலும் எந்தக் கிளைக்கும் போகலாம். இரண்டு வாரத்துக்குள் இடம் இல்லையென்றால் கிடைக்கிற தேதியைப் பதிந்து, உறுதிசெய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். படிவத்தில் மதம் கேட்கும் கட்டத்தைக் கிறிஸ்தவ மாணவர்கள் யோசித்து நிரப்புவது நல்லது. கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ பதிந்தால், பின்னாளில் நீங்கள் கட்டும் வருமான வரியில் 8 விழுக்காடு தேவாலய வரியாகச் சேரும்.

அடுத்து தபால் பெட்டி. இங்கே கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது; தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் வரி எண் கடிதமும் வங்கி அட்டையும் வந்த வழியே திரும்பிவிடும். நமக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. குடும்பப் பெயர் இல்லாமல் தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதுகிறவர்கள் நாம். பல்கலைக்கழகம் ஒரு வரிசையிலும் வங்கி மறு வரிசையிலும் எழுதும். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயர்களையும் முழுதாக எழுதி ஒட்டுங்கள். முதலெழுத்து மட்டும் போதாது. ஒரு துண்டுத் தாளும் ஒட்டு நாடாவும் போதும், சாவி வாங்கிய அன்றே ஒட்டிவிடலாம்.

விசாவுக்காகத் திறந்த முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்ட பணம் (2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ) வந்த மறுநாளே கைக்கு வராது. இங்குள்ள கணக்கு எண் வேண்டும், சரிபார்ப்பு முடிய வேண்டும். முன்பணம், முதல் மாத வாடகை, சாப்பாட்டுச் செலவு மூன்றுக்கும் போதுமான பணத்தைத் தனியாக எடுத்து வாருங்கள்.

கடைகளும் ரயிலும்

அக்டோபர் 3 ஜெர்மன் ஒற்றுமை நாள், கடைகள் மூடியிருக்கும். ஞாயிறும் அப்படியே. மற்ற நாட்களில் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இரவு 8 மணிக்கு அடைத்துவிடுவார்கள். அக்டோபர் 3 சனிக்கிழமையில் வந்தால் தொடர்ந்து இரண்டு நாள் கடை இருக்காது. அரிசி, பருப்பு, எண்ணெய், பால் எல்லாம் வெள்ளி மாலைக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். தவறவிட்டால் முதன்மை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் கைகொடுக்கும். அந்த நிலையத்தின் தெற்கே கோத்தெஷ்ட்ராஸெ, லாண்ட்வேர்ஷ்ட்ராஸெ பக்கம் ஆசியக் கடைகளும் துருக்கிக் கடைகளும் நிறைய உண்டு.

விழா நாட்களில் யு4, யு5 சுரங்க ரயில்கள் பிதுங்கி வழியும். கூட்டம் எல்லை மீறினால் விழாத் திடலை ஒட்டிய தெரேசியன்வீஸெ நிலையத்தைச் சற்று நேரம் மூடியும்விடுவார்கள். பெட்டிகளோடு விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் எஸ்1 அல்லது எஸ்8 ரயிலில் வந்து, ஹாக்கர்புருக்கெயில் மட்டும் இறங்காமல் இருங்கள். விழாத் திடலுக்குப் போகிற கூட்டம் அங்கேதான் இறங்கும்.

விழாவுக்கும் ஒரு நாள் போங்கள்

இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய்வருவது நல்லது. அன்று குடும்ப நாள். இரவு 7 மணி வரை ராட்டினங்களுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு. திடலுக்குள் நுழையக் கட்டணமில்லை. முதுகுப் பை கொண்டுபோகாதீர்கள்: 3 லிட்டர் கொள்ளளவுக்கு மேற்பட்ட பைக்கு அனுமதி கிடையாது, 20, 15, 10 செ.மீ. அளவுதான் எல்லை. கண்ணாடிப் புட்டியும் ஆகாது. பியர் கூடாரங்களில் இருக்கை கிடைத்தால்தான் பரிமாறுவார்கள். வாரநாள் மதியம் முன்பதிவில்லாத மேசைகளில் இடம் கிடைக்கும், சனிக்கிழமை காலையிலேயே நிரம்பிவிடும். குடிக்காதவர்கள் கோலாவும் ஆரஞ்சும் கலந்த ‘ஷ்பேட்சி’ கேட்கலாம். யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். சைவம் என்றால் பாலாடைக்கட்டியில் புரட்டிய ‘கேஸெஷ்பெட்ஸ்லெ’ கேளுங்கள். குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விழாவுக்கென்று காய்ச்சும் பியர் வழக்கத்தைவிடக் கடுமை, சுமார் 6 விழுக்காடு, ஒரு கோப்பை என்பது ஒரு லிட்டர். அந்தக் கண்ணாடிக் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினால் திருட்டு வழக்கு. மாணவர் விசாவில் இருக்கும்போது அந்தக் கோப்பை வேண்டவே வேண்டாம்; வேண்டுமென்றால் கடையில் விலைக்கு விற்கிறார்கள்.

விழா முடியும் வாரத்தில் ஊரில் பாதிப் பேர் இருமுவார்கள். அதற்கு ‘வீஸ்ன் காய்ச்சல்’ என்று பெயரே உண்டு. மருத்துவக் காப்பீட்டுப் பதிவை அதற்குள் முடித்துவிடுங்கள். மருத்துவர்களின் கிளினிக்குகள் மூடிய நேரத்தில் 116117 என்ற எண்ணில் மருத்துவ உதவி கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112.