பயணத்துக்கு ஏற்ற பி.சி.டி.யைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்கூபா டைவிங் கற்று முடித்தவர்கள் பெரும்பாலும் முதலில் மாஸ்க் வாங்குவார்கள், அப்புறம் ஃபின்ஸ். அடுத்து கண் போவது பி.சி.டி. மேல். டேங்கை முதுகில் தாங்கிப் பிடித்து, காற்றை ஏற்றியும் இறக்கியும் நம் மிதப்பைச் சரிசெய்யும் சட்டை அது. விமானத்தில் போய் டைவ் செய்கிறவர்களுக்கு அதன் எடை பெரிய கவலை.

நான் முதலில் வாங்கியது நாலரைக் கிலோ எடையுள்ள, தடித்த மெத்தை வைத்துத் தைத்த ஜாக்கெட். திரும்பும் பயணத்தில் அது ஈரம் குடித்து, என் பெட்டியை 23 கிலோ வரம்புக்கு மேல் தள்ளிவிட்டது. அந்தக் கோபத்தில் அடுத்ததாக, இருப்பதிலேயே லேசானதைத் தேடி வாங்கினேன். அலை இருந்த ஒரு நாள், நிறைந்த டேங்கோடு நீர்மட்டத்தில் படகுக்காகக் காத்திருந்தபோது, அது என் வாயைத் தண்ணீருக்கு மேல் வைக்கவே திணறியது. அன்றிலிருந்து எடையைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள்.

படி 1: எவ்வளவு மிதப்பு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். பி.சி.டி.க்குள் போகும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறக்குறைய 1 கிலோவைத் தூக்கும். லேபிளில் இது நியூட்டனிலோ பவுண்டிலோ இருக்கும். 10 நியூட்டன் என்றால் சுமார் 1 கிலோ, 2.2 பவுண்டும் 1 கிலோதான்.

டைவ் மையங்களில் பரவலாகக் கிடைக்கும் 80 கன அடி அலுமினிய டேங்கை எடுத்துக்கொள்வோம். அது நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல். டைவ் முடிவில் டேங்க் காலியாகும் நிலைக்குத்தான் நாம், நீருக்குள் அமிழ உதவும் ஈயக்கட்டிகளை அளந்து கட்டுகிறோம். அதனால் டைவ் தொடக்கத்தில் அந்த இரண்டரைக் கிலோ நம்மைக் கீழே இழுக்கும்.

ஆழத்தில் இன்னொன்றும் சேர்கிறது. 20 மீட்டரில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. வெட்சூட் என்பது உடல் குளிராமல் இருக்க அணியும் நுரை ரப்பர் உடை. அதன் நுரைக்குள் இருக்கும் வாயு சுருங்கி, அதன் மிதப்பில் பெரும்பகுதி போய்விடும். 3 மி.மீ. சூட்டில் இந்த இழப்பு இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும், 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய நாலு கிலோ. ஆக ஆழத்தில் தேவை சுமார் 5 முதல் 7 கிலோ.

நீர்மட்டத்தில் சூட் சுருங்காது. ஆனால் தலை முழுவதும் வெளியே நிற்க வேண்டும், அதற்கு மட்டும் நாலைந்து கிலோ. டேங்கின் காற்றையும் சேர்த்தால் ஏழு கிலோ ஆகிவிடும். மேலே, கீழே, இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, மேல் மிச்சமாகக் கொஞ்சம் சேருங்கள். வெப்பமான கடலுக்கு 11 கிலோவுக்குக் குறையாமல் பார்ப்பேன். குளிர்ந்த நீர், 7 மி.மீ. சூட், பெரிய கேமரா என்று போகிறவர்கள் 15 கிலோவுக்கு மேல் பாருங்கள். ஒரே மாடலில் சின்ன சைஸுக்கு மிதப்பும் குறைவாக இருக்கும், ஆகவே உங்கள் சைஸுக்கான எண்ணையே கேளுங்கள்.

படி 2: எந்த வகை?

காற்றுப்பை பக்கவாட்டிலும் சுற்றி வருவது ஜாக்கெட். முதுகில் மட்டும் இருப்பது பின்பை வகை. நீருக்கடியில் உடலைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ள பின்பை வகை வசதி, மடிக்கவும் எளிது. ஆனால் நீர்மட்டத்தில் அதை முழுக்க ஊதினால் முகத்தை முன்னால் தள்ளும். பாதி ஊதி, லேசாகப் பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும். எந்த வகையானாலும் அது உயிர்காப்புச் சட்டை ஆகாது. மயங்கியவரை மல்லாக்கத் திருப்பி வைக்கும் என்று நம்பவே கூடாது.

பெரும்பாலான பயண மாடல்களில் முதுகுப் பகுதியில் கெட்டிப் பலகை இல்லாமல், துணி மட்டும் இருக்கும். அதனால்தான் சுருட்ட முடிகிறது.

படி 3: போட்டுப் பாருங்கள்

டைவில் அணியும் சூட்டின் மேலேயே போட்டுப் பாருங்கள். எல்லா ஸ்ட்ராப்பையும் இறுக்கி, காற்றை முழுக்க ஏற்றி, ஆழமாக மூச்சு இழுங்கள். நெஞ்சு இறுகினால் அந்த சைஸ் வேண்டாம். தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் கடலிலும் அப்படித்தான் ஏறும்.

படி 4: இப்போது எடை

பயண மாடல்கள் பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். அந்த எண்ணோடு நிற்காதீர்கள். தடித்த மெத்தை வைத்த சட்டை தானே மிதக்கும், அதை அமிழ்த்தவே ஒன்றிரண்டு கிலோ ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். நீச்சல் குளத்தில் காற்றை முழுக்க வெளியேற்றி, கசக்கி நனைத்துவிட்டு விடுங்கள். மூழ்கினால் நல்லது. வெளியே எடுத்ததும் தண்ணீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதையும் கவனியுங்கள். ஊருக்குத் திரும்பும்போது நீங்கள் சுமக்கப்போவது அந்த ஈர எடையைத்தான்.

சட்டையோடு சேர்ந்த ஈயப் பை அவசியமா? எடைப் பெல்ட் பெரும்பாலான டைவ் மையங்களில் கிடைக்கும், அதனால் பை இல்லாத மாடலும் நல்ல தேர்வுதான். பை வேண்டுமென்றால் 2 கிலோ ஈயக்கட்டி உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். ஒல்லியான பைகளில் சில கட்டிகள் நுழையவே நுழையாது. அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றவும் வர வேண்டும்.

படி 5: சின்னச் சின்ன பாகங்கள்

டேங்கின் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இது முக்கியம். சில மாடல்களில், சட்டைக்குள் காற்றை ஏற்றும் இன்ஃபிளேட்டரும் அவசரத்துக்கான மாற்று ரெகுலேட்டரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதற்குத் தனி இணைப்புள்ள ஹோஸ் தேவை, வாடகை ஹோஸ் பொருந்தாது. சாதாரண இணைப்புள்ள இன்ஃபிளேட்டராக இருந்தால் எங்கும் மாட்டிக்கொள்ளலாம்.

காற்றை வெளியேற்றும் வால்வு தோளில் ஒன்றும், கீழே முதுகுப் பக்கம் ஒன்றும் இருக்கட்டும். தலைகீழாக இறங்கும்போது கீழ் வால்வுதான் கைகொடுக்கும்.

லேசான மாடல்களில் டேங்கைக் கட்டும் பட்டை பெரும்பாலும் ஒன்றுதான். நைலான் பட்டை ஈரமானதும் தளரும். நனைத்த பிறகு இறுக்குங்கள், டேங்கோடு தூக்கிக் குலுக்கிப் பாருங்கள், நழுவக் கூடாது.

படி 6: கிளம்பும் முன்

வாங்கியதும் முழுக்க ஊதி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் டைவைக் குளத்திலோ ஆழமில்லாத இடத்திலோ, பயிற்றுநரோடு செய்து, ஈயத்தின் அளவை மறுபடி சரிபாருங்கள். பழைய சட்டைக்கு அளந்த கணக்கு இதற்குப் பொருந்தாது.

டைவ் நாட்கள் முடிந்ததும் உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். உப்புத் தங்கினால் அது படிகமாகி, இன்ஃபிளேட்டர் பொத்தானைச் சிக்க வைக்கும். பொத்தான் சிக்கினால் காற்று தானாக ஏறிக்கொண்டே போகும், அது ஆபத்து. அப்புறம் தலைகீழாகப் பிடித்து இன்ஃபிளேட்டர் வழியாக மிச்சத் தண்ணீரை வடியுங்கள். அரை லிட்டர் உள்ளே நின்றால் அரைக் கிலோ கூடுதல். பாதி ஊதி நிழலில் காயப்போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, ரெகுலேட்டரைச் சுற்றி மெத்தை போலச் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள்.