மெட்ரிக் சேர்ப்பதற்கு முதல், கேள்வியை எழுதுங்கள்

கொழும்பில் சாப்பாடு ஓடர் எடுக்கும் ஒரு ஆப், அதற்குப் பின்னால் காசு அறவிடும் ஒரு சேர்விஸ் என்று வைத்துக்கொள்வோம். பகல் 12 மணிக்கு கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை எல்லாருக்கும் ஒன்றாகப் பசிக்கும். அந்த நேரம் பார்த்து ஏதோ பிழை என்று உங்களுக்கு கோல் வந்தால் என்ன தெரிய வேண்டும்? காசு போகிறதா, எந்த வங்கியில் சிக்குகிறது, ஆட்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள். இதை எழுதி வைத்துவிட்டுத்தான் மெட்ரிக், அதாவது சேர்விஸ் தன்னைப் பற்றி வெளியிடும் அளவீடு, சேர்க்கக் கோடில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் சீபீயூ வரைபடம் இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது.

மெட்ரிக்குகளைச் சேகரிக்கும் புரொமீதியஸ் மென்பொருளில் எண்ணுவதற்கு கவுன்டர், ஏறி இறங்குவதற்கு கேஜ், நேரத்துக்கு ஹிஸ்டோகிராம். வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே கவுன்டர் போதும், முடிவை லேபலில், அதாவது மெட்ரிக்கோடு ஒட்டும் குறிப்பில், போடுங்கள். சேர்விஸ் தொடங்கும்போதே எல்லா லேபலுக்கும் 0 வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் தோல்வி நேராக 1 ஆக வந்து நிற்கும், புரொமீதியஸில் ஏற்றத்தைக் கணக்கிடும் குவெரிக்கு அது தெரியவே தெரியாது.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 100 பேரில் 95 பேருக்கு 0.1 செக்கன், 5 பேருக்கு 8 செக்கன் என்றால் சராசரி அரை செக்கன்கூட வராது. அந்த 5 பேரும் ஆப்பை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குத்தான் ஹிஸ்டோகிராம், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. அது நேரங்களைப் பக்கெட் என்ற வீச்சுகளாகப் பிரித்து எண்ணும், கோ மொழிக்கான புரொமீதியஸ் லைப்ரரியில் வழக்கமாக வரும் பக்கெட்டுகள் 10 செக்கனோடு முடிகின்றன. வங்கியின் பதிலுக்குக் காத்திருக்க நீங்கள் 30 செக்கன் டைம்அவுட் கொடுத்திருந்தால், 11 செக்கனும் 29 செக்கனும் ஒரே பக்கெட்டில் விழும், வரைபடம் 10இல் தட்டையாக நிற்கும், நீங்களும் 10 செக்கன்தானே என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டைம்அவுட்டைத் தாண்டும் வரை பக்கெட்டுகளை நீங்களே எழுதுங்கள்.

லேபலில் ஓடர் இலக்கமோ போன் இலக்கமோ வேண்டவே வேண்டாம், அவற்றின் இடம் ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியாக எழுதி வைக்கும் லொக். 5 வங்கி, 4 கட்டண முறை, 3 முடிவு என்றாலே, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு தொடராக 60 தொடர்கள், ஹிஸ்டோகிராமில் ஒவ்வொன்றும் பக்கெட் எண்ணிக்கையால் பெருகும்.

அப்புறம் ஸ்டேஜிங்கில், அதாவது சோதனைச் சூழலில், வங்கி இணைப்பை வெட்டிப் பாருங்கள். எந்த வங்கி என்பதை டாஷ்போர்டைப் பார்த்தே சொல்ல முடியவில்லை என்றால், அந்த மெட்ரிக்கைத் திரும்ப எழுதுங்கள்.