பழைய பாட்டு ரெக்கார்டிங்கை காதாலயே சுத்தம் பண்றது எப்படி

ஆடாசிட்டி (ஒலியை எடிட் பண்ற சாஃப்ட்வேர்), என்விடிஏ (திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர்) ரெண்டுமே இலவசம், ரெண்டும் நல்லா ஒத்துப்போகும், மவுஸ் வேணாம். முதல்ல ஒரிஜினலை வேவ் ஃபைலா தனியா காப்பி எடுத்து வச்சிருங்க, அதுல கை வைக்கவே கூடாது.

இசைத்தட்டுன்னா டக் டக் சத்தம் இருக்கும், கன்ட்ரோல் ஏ அடிச்சு எஃபெக்ட் மெனுல கிளிக் ரிமூவல் போடுங்க, இரைச்சலுக்குப் போறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிரணும்.

இப்ப இரைச்சல். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெறும் இரைச்சல் கொஞ்சம் ஓடும்ல, ஸ்பேஸ் அடிச்சு கேட்டுக்கிட்டே அது தொடங்குற இடத்துல இடது சதுர அடைப்புக்குறி கீ, முடியற இடத்துல வலது அடைப்புக்குறி கீ, அந்தத் துண்டு செலக்ட் ஆயிரும். நாய்ஸ் ரிடக்‌ஷன் திறந்து கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் குடுங்க, அப்புறம் கன்ட்ரோல் ஏ, திரும்ப அதே எஃபெக்ட். இரைச்சலைக் குறைக்கிற அளவை 6 டெசிபல்ல ஆரம்பிங்க, பேராசைப்பட்டு 20, 25ன்னு போனா பாட்டு தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெசிட்யூங்கிற ஆப்ஷன். அதைத் தேர்ந்தெடுத்து ப்ரிவியூ அடிச்சா எதெல்லாம் வெளிய போகப்போகுதோ அது மட்டும் கேக்கும், அதுல பாடுறவங்க குரலோ வயலினோ லேசா கேட்டாக்கூட அளவு அதிகம்னு அர்த்தம், குறைங்க. ஹெட்ஃபோன்ல கேளுங்க. சரியானதும் மறக்காம ரிடியூஸுக்கு மாத்திட்டு ஓகே. பிடிக்கலைன்னா கன்ட்ரோல் இசட்.

கரண்ட் ரீங்காரம் மிச்சம் இருந்தா நாட்ச் ஃபில்டர்ல (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டுற எஃபெக்ட்) 50 இல்லைன்னா 60 ஹெர்ட்ஸ் குடுங்க, எந்த நாட்டு கரண்டோ அது.